மூன்றாம் பக்கத்து வட்டம்

“நாலு கோடு போடுவதற்கா இவ்வளவு ராண்ட்?” என்று கேட்டபடியே, கட்டடக் கலைஞர் அனுப்பிய கட்டண மதிப்பீட்டை மாமா இன்று காலை என்னிடம் நீட்டினார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிரும் ஒட்டுச்சுவர் வீடு. பின்புறம் ஓர் அறை கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணம் ஆறு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது: தொடக்கம், கருத்துரு, வடிவமைப்பு விரிவாக்கம், ஆவணங்களும் ஒப்பந்தப்புள்ளியும், கட்டுமானம், நிறைவு. மாமா ‘கோடு’ என்று நினைத்தது இவற்றுள் ஒரு பகுதி மட்டுமே. ஒப்பந்தக்காரர் வேலை செய்யும் மாதங்களில் தளத்துக்கு வந்து பார்த்து, அவர் கேட்கும் பணத்துக்கு ஈடாக வேலை நடந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதும் இந்தக் கட்டணத்தில் அடங்கும்.

கட்டணத்தைக் கட்டுமானச் செலவின் விழுக்காடாகக் கணக்கிடும்போது, கட்டடத்தின் மதிப்பு கூடக் கூட அந்த விழுக்காடு குறையும். ஆனால் பழைய வீட்டை மாற்றியமைப்பதற்கு விழுக்காடு பெரும்பாலும் அதிகம், ஏனெனில் இருக்கும் சுவர்களை அளந்து வரைந்த பிறகுதான் புதியதைத் தொடங்க முடியும். (மாமாவின் வீட்டில் ஒரு மூலைகூட நேராக இல்லை.)

தென்னாப்பிரிக்கக் கட்டடக் கலைத் தொழில் மன்றம் வெளியிடும் கட்டண அளவு வெறும் வழிகாட்டிதான். பேசி முடிவு செய்யலாம். செலவு ஏறினால் வடிவமைப்பவரின் பங்கும் ஏறுகிற விழுக்காட்டு முறை எனக்கு உவப்பானதில்லை. இத்தகைய சிறிய வேலைக்கு, முன்பே பேசி முடித்த மாறாத மொத்தத் தொகையே நல்லது என்றேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்றாம் பக்கத்தில் இருந்த 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியைப் பென்சிலால் வட்டமிட்டார்.

“இதையுமா பேசலாம்?”