ஸ்டூல் வந்த பிறகும் நின்றுகொண்டிருந்தோம்

ஜவுளிக்கடை வேலையை விட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஊரில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கென்று ஒரு மேசையும் முதுகு சாய்த்துக்கொள்ள ஒரு நாற்காலியும் இருக்கின்றன. இருந்தும், முதலாளி படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டால் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன். "ஏம்மா எந்திரிக்கே, உக்காரு" என்று அவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பதினோரு ஆண்டுகள் கால்களுக்குப் பழக்கியதை ஒரு வார்த்தையில் மறக்கச் சொன்னால் அவை கேட்பதில்லை.

2011-இல் சென்னை தியாகராய நகரில் பல மாடிகள் கொண்ட ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். என்னுடன் விடுதியில் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவோம். இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரிலோ ரேக்கிலோ சாயக் கூடாது. தளத்துக்கு நான்கு கேமராக்கள் இருந்தன. உட்கார்ந்தது திரையில் தெரிந்தால் சூப்பர்வைசரின் தொலைபேசி ஒலிக்கும். அடுத்த நிமிடம் அவர் நம் முன்னால் நிற்பார்.

எனவே உட்காருவதற்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம். கீழ் ரேக்கில் சேலை அடுக்குவதுபோல் குத்தவைத்து உட்கார்ந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த கட்டை எடுத்து மறுபடியும் அடுக்குவோம். கேட்டால் "ஸ்டாக் பாக்குறேன் சார்" என்போம். கேமராவுக்கு எங்கள் தலை தெரியாது. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு, பட்டையும் செயற்கைப் பட்டையும் தொட்டுப் பார்த்துப் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் கற்றுக்கொடுப்போம். காஞ்சிபுரத்திலும் கும்பகோணத்திலும் பழைய பட்டுக்கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே விற்பவரும் வாங்குபவரும் மெத்தை விரிப்பில் எதிரெதிரே அமர்ந்து, சேலையை மடியில் போட்டுப் பார்ப்பார்கள். சேலை விற்க நிற்கத்தான் வேண்டும் என்பது கண்ணாடிக் கவுண்டர்களோடு வந்த வழக்கம்.

கால் வலியைவிட எனக்கு முதலில் வந்த தொல்லை சிறுநீர்த் தொற்று. பெண்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில் இருந்தது. போவதற்கு நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போக வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் கேள்வி வரும். அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். கோடையிலும் ஒரு லிட்டர் பாட்டில் பாதியளவு நிரம்பியபடி விடுதிக்குத் திரும்பி வரும். காய்ச்சலும் எரிச்சலுமாக இரண்டு முறை படுத்த பிறகுதான், வேலைக்காக நான் விட்டுக்கொடுத்தது தண்ணீரை என்பது எனக்கு உறைத்தது. அதன் பிறகு, நோட்டில் என் பெயர் எத்தனை முறை வந்தாலும் வரட்டும் என்று குடிக்கத் தொடங்கினேன். உடலுக்காக நான் எடுத்த முதல் முடிவு அதுதான். இரண்டு முறை திட்டு வாங்கியதோடு முடிந்தது.

ஆறாவது ஆண்டில் இடது கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் நரம்பு சுருண்டு புடைத்தது. அரசு மருத்துவமனை மருத்துவர், என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டுக் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து பம்பு போல உதவ வேண்டும். நடக்கும்போது அது நடக்கிறது. அசையாமல் நின்றால் பம்பு ஓய்ந்து, ரத்தம் கீழேயே தேங்கி, அதைத் திரும்பி இறங்கவிடாமல் தடுக்கும் வால்வுகள் நாளடைவில் தளர்ந்துபோகின்றன என்றார். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் கேடு என்பதை அன்றுதான் அறிந்தேன். கவுண்டருக்குள்ளேயே செய்யக்கூடிய சிலவற்றையும் சொன்னார். அவற்றுள் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவது, பில் போடும் நேரத்தில் இருபது முறை என்று எனக்குப் பழகிவிட்டது. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே இறுக்கமான காலுறையைப் போட்டுக்கொள்வேன். இரவில் விடுதிச் சுவரில் கால்களைத் தூக்கி வைத்துப் படுப்பேன். ஒரு மாதத்தில் எங்கள் அறைச் சுவர் முழுவதும் வரிசையாகக் குதிகால் தடங்கள் விழுந்திருந்தன. வார்டன் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடையில் ஒருநாள் கடை நிர்வாகம் எங்களுக்கு மன அழுத்தம் குறைய யோகா வகுப்பு நடத்தியது. மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று ஒரு பயிற்சியாளர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. காலை நேரத்தில் ஒரு மணி நேரம் முழுவதும் கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது மட்டும் மறக்கவில்லை. பணியிடத்தில் நம் நலனைப் பேணுவது என்றால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வது என்றே பலரும் எழுதுகிறார்கள். நிற்கிற காலுக்கு ஓர் இடம் கொடுக்காமல் மனத்தை மட்டும் எப்படித் திடப்படுத்துவது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-ஆவது பிரிவில் சொல்லியிருந்தது. கடைகளில் நிற்கும் எங்களுக்கு அது வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கேரளத்தில் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பி. விஜியும் அவருடைய பெண்கூட்டு என்ற பெண் தொழிலாளர் அமைப்பினரும் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் போராடினார்கள். 2018-இல் அம்மாநிலம் கடைகளுக்கான தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் முன்வைத்த திருத்தத்தைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு அப்படித்தான் சேர்ந்தது: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். விடுதியில் கைபேசியில் அந்தச் செய்தியை ஒருத்தி சத்தமாக வாசித்தபோது நாங்கள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தோம். "அப்ப இதுவரைக்கும் உக்காந்தது குத்தமாக்கா?" என்று அறையிலேயே சின்னவள் கேட்டாள்.

சில மாதங்கள் கழித்துத் தளத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. சேலைப் பிரிவில் மட்டும் நாங்கள் பதினான்கு பேர். முதல் வாரம் ஒருவரும் உட்காரவில்லை. தடுப்பதற்கு யாரும் வரவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஸ்டூல் அருகில் போகும்போதே கழுத்து கேமரா பக்கம் திரும்பிவிடும். நாளடைவில் பிரிக்காத சேலை அட்டைப்பெட்டிகள் அவற்றின் மேல் ஏறின. மூத்தவள் என்ற முறையில் ஒரு பிற்பகலில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் நின்றிருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மறுநாளும் உட்கார்ந்தேன். பத்து நாட்களில், மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறையும் வேளையில், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று எங்களுக்குள் முறை வைத்துக்கொண்டோம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் கூட்டத்திலும் அந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை. மற்ற நாட்களில் பெரும்பாலும் நீடித்தது. அடுத்த ஆண்டு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

போன ஆடியில் சித்தி மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத் திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், வலது காலை இடது காலின் மேல் தேய்த்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகள் இருந்தன. "உக்காரும்மா" என்றேன். "பரவால்லக்கா" என்றவள், என்னைப் பார்ப்பதற்கு முன் மேலே ஒருமுறை பார்த்தாள். வாடிக்கையாளர் கேட்டால் சூப்பர்வைசர் மறுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூலையில் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவதற்காகப் போட்டிருந்த மெத்தை விரிப்பைக் காட்டி, கரையை மடியில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு நிறம் பிடிபடும், அங்கே வந்து விரித்துக் காட்டு என்று சற்று உரக்கவே சொன்னேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டாவது சேலையே பிடித்துவிட்டது. ஆனாலும் பதினொன்றை விரிக்கச் சொல்லிவிட்டு, அத்தனையையும் அவளோடு உட்கார்ந்தே மடித்துக் கொடுத்தேன்.