சைபர்

எங்கள் கொம்பியூட்டர் சேர் காலமான செய்தி நம்ம வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது கீழே ஒருத்தன் "சைபர், பார்த்தியா?" என்று கேட்டிருந்தான். நினைவு மலருக்குக் கட்டுரை தா என்று செயலாளரும் நெருக்குகிறார், சரி, சைபர், அதாவது பூச்சியம், என்ற அந்தப் பட்டம் எனக்கு வந்த கதையையே எழுதுகிறேன்.

கரண்ட் இல்லாத நாள். கொம்பியூட்டர் அறை அடுப்படி மாதிரி வேகுது. சேர் மூன்று பேரை முன்னுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் தந்தார். என்னுடையதில் "ஆட்", அது இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராமின் பெயர். மற்ற இரண்டில் 12, 30. கட்டளை வரியில் இப்படித் தட்டினால் சி மொழிப் புரோகிராம் தொடங்கும் இடமான மெயினுக்குள் எத்தனை போகும் என்று கேட்டார். இரண்டு என்று வகுப்பே கத்தியது.

"மூன்று. இவன் ஒன்றும் கொண்டுவரேல்லை, ஆனாலும் ஆர்க்சி இவனையும் எண்ணும். ஆர்க்வியில இவன்ர இடம் சைபர்." (ஆர்க்சி என்பது தட்டிய சொற்களின் எண்ணிக்கை, ஆர்க்வி அவற்றின் பட்டியல், அதில் இடங்களைச் சைபரிலிருந்துதான் எண்ணுவது.)

சிரிப்பு திருகோணமலை உட்துறைமுகம் வரை கேட்டிருக்கும். தலையைக் குனிந்துகொண்டே நின்றேன், சேரோ கவனிக்காமல் அடுத்ததுக்குப் போய்விட்டார்: 12ம் 30ம் எண்கள் இல்லை, வெறும் எழுத்துச் சரங்கள், 42 வேணுமென்றால் முதலில் 'அடோய்' என்ற பங்சனுக்குள் விட்டு எண்ணாக்கி எடுக்கவேணும். (அவர் எங்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.) இடைவெளியுள்ள பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடாவிட்டால் இரண்டாக உடைந்துவிடும் என்பதும் அன்றைக்குத்தான் படித்தோம்.

கரண்ட் வந்த நாட்களில் டர்போ சி என்ற மென்பொருளில் நாங்கள் எழுதிய எதையும் முதலில் பெயருக்குப் பின்னால் ஒன்றும் தட்டாமல் ஓட்டுவார். ஆர்க்சியைப் பார்க்காமல் ஆர்க்வியின் ஒன்றாம் இடத்தைத் தொட்டவன் பாடு அவ்வளவுதான். "வெறுங்கையோட வாறவனுக்கும் மரியாதையா பதில் சொல்லி அனுப்பவேணும்" என்பார். இன்றைக்கு ஸ்காபரோவில் எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு பழக்கம்தான். இப்போது பைதான் மொழியில் ஆர்க்பார்ஸ் என்ற தொகுதி அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது, ஆனாலும் அங்கே அதே பட்டியலான சிஸ் ஆர்க்வியில் சைபர் இடம் இன்னும் புரோகிராமுக்குத்தான்.

கனடாவுக்கு வெளிக்கிட்ட கிழமை சேரிடம் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். உப்புவெளிப் பக்கம் சைக்கிளில் போய், அவர் ஒழுங்கைக்குத் திரும்பாமல் நேரே போய்விட்டேன். கோபமா, வெட்கமா, இப்பவும் தெரியாது.

என்னைப் பற்றி எப்போதாவது கேட்டாரா என்று ஊரில் நிற்கும் நண்பனிடம் விசாரித்தேன். இல்லையாம். எனக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சைபர் இருந்திருக்கிறானாம்.