கராத்தேயின் முதல் 10 வாரம்: கால் வலிக் குறிப்புகள்

கராத்தே வகுப்பில் சேர்ந்து இன்றோடு 10 வாரம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, செவ்வாயும் வெள்ளியும், மாலை நேரம். சேர்ந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். உதை எவ்வளவு உயரம் போகிறது, எத்தனை தண்டால் எடுக்க முடிகிறது என்றெல்லாம் எழுதி வைக்கலாம் என்று எண்ணம். ஆனால் முதல் மூன்று வாரப் பக்கங்களில் இருப்பதெல்லாம் வலிதான். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் நான்காவது வகுப்புக்கு முன்பே வராமல் போனார்கள். வலியைப் பார்த்துப் பயந்து யாராவது நின்றிருந்தால் அது பெரிய வருத்தம், ஏனென்றால் அந்த அளவு வலி இரண்டாவது தடவை வருவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் வார்ம் அப் முடிந்ததும் கிபா தாச்சி, அதாவது குதிரை நிலை. காலை அகட்டி முழங்காலை மடக்கி ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். அப்படி ஐந்து தடவை. பிறகு ஒவ்வொரு காலிலும் 60 முன் உதை, 40 தடவை உட்கார்ந்து எழுவது, 20 தண்டால். வகுப்பில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கினேன். புதன் காலை தொடை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். நோட்டில் வலி 10-க்கு 3 என்று போட்டேன்.

வியாழன் காலை வலி 10-க்கு 8.

மாடிப்படி ஏற முடிந்தது, இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். நாற்காலியில் உட்காருவதற்கும் கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது ஏன் என்ற கேள்விதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

தசை சுருங்கி ஒரு பாரத்தைத் தூக்கும்போது நடப்பது ஒன்று. பாரம் இழுக்க இழுக்க, நீண்டுகொண்டே அதைப் பிடித்து நிறுத்தும்போது நடப்பது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையில்தான் தசை நார்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத சேதம் அதிகமாக ஏற்படுகிறது. படி இறங்கும்போது முன்தொடை செய்வது அந்த வேலையைத்தான். உட்கார்ந்து எழும்போது கீழே போகிற பாதியும் அதுதான். முன் உதையில் கால் விசையோடு நீளும்போது அதைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது பின்தொடை. முதல் வகுப்பில் நான் போட்ட 120 உதையும் என் பின்தொடைக்கு 120 பிரேக். வலி தாமதமாக வருவதற்கும் காரணம் உண்டு. சேதத்தைச் சரிசெய்ய உடம்பு தொடங்கும் அழற்சி மெதுவாகத்தான் ஏறுகிறது. பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் வலி என்று வகுப்பிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். அது சரியில்லை. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழையபடி இறங்கிவிடுகிறது. மூன்றாம் நாள் வலிக்கு அது காரணமாக முடியாது. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் விரல் தசைகளை வைத்துச் சோதித்துப் பார்த்து, தசைக்குள் ஏற்படும் கிழிசல்தான் இந்த வலிக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வலி 6. போவதா வேண்டாமா என்று யோசித்து, போய் மாஸ்டரிடம் நிலைமையைச் சொன்னேன். "வந்தது நல்லது. ஆனால் இன்றைக்குப் பாதி ஆழம், பாதி வேகம், எண்ணிக்கையிலும் பாதிதான்" என்றார். பத்து நிமிட வார்ம் அப்பில் கால் நன்றாக இளகியது. வலி போய்விட்டது என்றே நினைத்தேன். இரவு திரும்ப வந்தது. உடம்பை லேசாக அசைத்தால் அந்த நேரத்துக்கு வலி குறைகிறது, ஆறுவது அதனால் வேகமாகிவிடுவதில்லை. அப்படியும் அந்த ஒரு மணி நேர நிம்மதிக்காகவே வலி நாட்களில் நடக்கப் போவேன்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு சோதனை செய்தேன். வகுப்பு முடிந்ததும் வலது காலுக்கு மட்டும் 10 நிமிடம் நீட்டல் பயிற்சி, இடது காலுக்கு எதுவும் இல்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தன. பிறகு படித்தபோது, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் நீட்டலால் இந்த வலி குறைவது மிகச் சொற்பம் என்றே சொல்லியிருந்தார்கள். உதை உயர வேண்டும் என்பதற்காக நீட்டலை விடாமல் செய்கிறேன், வலிக்கு மருந்தாக எதிர்பார்ப்பதில்லை. தொடையைக் கையால் நீவி விட்டது நிச்சயமாக உதவியது. குளிர்ந்த நீரில் காலை வைத்துப் பார்த்தேன், இதமாக இருந்தது. வலி மாத்திரை போடவில்லை. வலி தெரியாமல் போனால் அளவு தெரியாமல் செய்துவிடுவேன் என்று தோன்றியது. தூக்கம் குறைந்த இரவுக்கு அடுத்த நாள் எண் எப்போதும் ஒன்று கூடுதலாக இருந்தது.

உண்மையில் வலியைக் குறைத்தது அளவுதான். நான் முதல் நாளே மற்றவர்களோடு சேர்ந்து 60 உதை போட்டிருக்கக் கூடாது. 20 போட்டிருந்தாலே போதும். ஒரு தசை ஒரு தடவை இந்தச் சேதத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே வலிக்கும், இந்தப் பாதுகாப்பு பல வாரம் நீடிக்கும். அதற்கு முதல் தடவை கடுமையாக இருக்க வேண்டும் என்றில்லை. என் நோட்டில் அது தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது வாரம் திரும்ப 60 உதைக்கு வந்தபோது உச்ச வலி 4, நான்காவது வாரம் 2.

ஐந்தாவது வாரம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் மவாஷி கெரி போட்டுக்கொண்டிருந்தபோது வலது கவட்டையில் சுளீர் என்றது. அதற்குள் வலி பழகிப் போயிருந்ததால் இதுவும் அதுதான் என்று எண்ணி இன்னும் 20 உதை போட்டேன். மறுநாள் நொண்டி நடந்தேன். உள்தொடைத் தசை பிசகியிருக்கிறது, இரண்டு வாரம் உதை கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது. பயிற்சி வலி மறுநாள்தான் வரும், இரண்டு பக்கமும் வரும், தசை முழுக்கப் பரவி மந்தமாக இருக்கும். அடிபட்ட வலி அந்த நொடியே, ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில். மூட்டுக்குள் வலித்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்றையும் மாஸ்டர் எல்லோருக்கும் சொன்னார். அளவுக்கு மீறிச் செய்த பின் தசை வீங்கி, பலம் போய், சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அரிதுதான், ஆனால் காத்திருக்கக் கூடாது.

ஆறாவது, ஏழாவது வாரம் வகுப்புக்குப் போய்க் கைப்பயிற்சி மட்டும் செய்தேன். குத்துகளும் தடுப்புகளும் அப்போதுதான் கொஞ்சம் ஒழுங்காக வந்தன. எட்டாவது வாரம் காலுக்கு 20 உதையோடு திரும்பத் தொடங்கினேன். மறுநாள் எண் 1. ஒன்பதாவது வாரம் 35, வலி 2.

நேற்று முன்தினம் செவ்வாய், காலுக்கு 50. இன்று காலை கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினேன். 2 என்றுதான் போட்டிருக்கிறேன். நாளை வகுப்பில் யோக்கோ கெரி தொடங்குகிறார்கள். பக்க உதை என் இடுப்பின் வெளித்தசைக்குப் புதிது, அதனால் காலுக்கு 15 மட்டும் என்று மாஸ்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.