அந்தத் துணியை நெய்தது யார்?

மகள் வெளியூருக்குப் படிக்கப் போன மறுநாள் கடையைப் பெருக்கும்போது, வெட்டு மேசைக்கு அடியில் பேட்டர்ன் அட்டைகளுக்கு நடுவே ஒரு புத்தகம் கிடந்தது. வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்'. பதினாறு வயதில் அவள் அதை நான்கு தடவை படித்தாள். பொத்தான் கட்ட உட்கார்ந்தால்கூட மடியில் அதுதான் இருக்கும். என்ன கதை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே பக்க அடையாளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டுத் துண்டு வைத்திருந்தாள். என் கடைத் துணிதான்.

நான் சீருடை தைப்பவன். முப்பது வருடமாக இதே வேலை. ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடை சாத்திய பிறகு தினம் ஏழெட்டுப் பக்கம் என்று படித்தேன். முடிக்க ஆறு வாரத்துக்கு மேல் ஆனது.

கதை நடப்பது எதிர்காலத்துச் சிகாகோவில். பெரிய ஏரி வற்றிச் சதுப்பாகிக் கிடக்கிறது. உயரமான கட்டடங்கள் பாதி இடிந்து நிற்கின்றன. நகரத்தைச் சுற்றி வேலி. முன்னொரு காலத்தில் நடந்த போருக்கு என்ன காரணம் என்பதில் மக்களுக்குள் ஒற்றுமை இல்லை. சுயநலம்தான் காரணம் என்றவர்கள் அப்னெகேஷன் என்ற பிரிவானார்கள். அறியாமை என்றவர்கள் எருடைட், பொய் என்றவர்கள் கேண்டர், சண்டைக்குணம் என்றவர்கள் அமிட்டி, கோழைத்தனம் என்றவர்கள் டான்ட்லெஸ். ஆக ஐந்து பிரிவு. பதினாறு வயதானதும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்த பிரிவை விட்டு வேறு பிரிவுக்குப் போனால் வீட்டையும் விட வேண்டியதுதான். இரத்த உறவுக்கு முன்னால் பிரிவு என்பது அங்கே எல்லாருக்கும் மனப்பாடம்.

இந்த நாவல் 2011-ல் வந்தபோது ராத்துக்கு வயது 22. சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது குளிர்கால விடுமுறையில் எழுதியது. வீட்டை விட்டுக் கிளம்புகிற வயது எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாக நினைவிருந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கதை போரிலோ ஆட்சியிலோ தொடங்கவில்லை. ஒரு வீட்டு மாடியில், அம்மா மகளுக்கு முடி வெட்டிவிடுவதில் தொடங்குகிறது. அப்னெகேஷன் வீட்டில் கண்ணாடியை ஒரு பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடி வெட்டுகிற அன்றைக்கு மட்டும் அந்த மகள், பியாட்ரிஸ், அதன் முன்னால் நிற்கலாம்.

இதைப் படித்ததும் எழுந்து போய் என் கடையின் ட்ரயல் கண்ணாடி முன்னால் நின்றேன். புதுத் துணி போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிற பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைகூட முதலில் பார்ப்பது சட்டையை இல்லை, தன் முகத்தைத்தான்.

அப்புறம் உடைகள். நான் இந்த நாவலை உடை வழியாகத்தான் படித்தேன், வேறு எப்படிப் படிக்க என்று எனக்குத் தெரியாது. அப்னெகேஷனுக்குச் சாம்பல் நிறம். உடம்பின் வடிவமே தெரியாத தொளதொள வெட்டு. தன்னைத் தானே மறந்துபோக வேண்டும் என்பதற்காக அப்படி. அந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் 'ஸ்டிஃப்' என்று கேலி செய்கிறார்கள். கஞ்சி போட்ட துணிபோல விறைப்பாக இருக்கிறார்களாம். கேண்டருக்குக் கறுப்பும் வெள்ளையும், ஏனென்றால் உண்மை என்பது அவர்களுக்குக் கறுப்பு வெள்ளைதான். அமிட்டிக்குச் சிவப்பு, மஞ்சள். டான்ட்லெஸுக்கு முழுக்கக் கறுப்பு. எருடைட் ஆட்கள் உடம்பில் ஒரு நீல உடையாவது இருக்க வேண்டும். நீலத்தைப் பார்த்தால் உடம்பில் அமைதி தரும் சுரப்பு ஏற்படும் என்பது அவர்கள் சொல்கிற காரணம். நிறத்துக்கு ஒரு காரணம் சொல்லாமல் எந்த நிர்வாகமும் என்னிடம் சீருடைக்கு ஆர்டர் கொடுத்ததில்லை. அதனால் இந்த இடம் எனக்குச் சட்டென்று நெருக்கமாகிவிட்டது.

பியாட்ரிஸின் அண்ணன் கேலப் எருடைட்டைத் தேர்ந்தெடுத்துப் போய்விடுகிறான். பிறகு அவள் அவனைத் தேடிப்போகும்போது நீல உடையோடு மூக்குக்கண்ணாடியும் போட்டிருக்கிறான். அவன் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. போன இடத்தில் எல்லாரும் போடுகிறார்கள், இவனும் போட்டுக்கொண்டான். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் அவளுக்கு வருகிற எரிச்சல் எனக்கும் வந்தது. அண்ணன் தனக்கு இனி அண்ணனாக இருக்க மாட்டானோ என்கிற பயம் அந்த எரிச்சலுக்குள் இருக்கிறது.

அவள் டான்ட்லெஸுக்குப் போகிறாள். ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து ஒரு கூரைமேல் நிற்கிறார்கள். அங்கிருந்து கீழே, அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு பள்ளத்துக்குள் குதிக்க வேண்டும். முதலில் குதிக்க ஆளில்லை. இவள் முன்வருகிறாள். குதிக்கும் முன் அந்தத் தொளதொள சாம்பல் மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி, கேலி செய்த பையன் மார்பில் விட்டெறிகிறாள். எனக்கு இந்த நாவலிலேயே மிகவும் பிடித்த அசைவு அது. குதித்ததைவிடவும் அதுதான் பெரிய காரியம். பதினாறு வருடம் அம்மா தோய்த்து மடித்துக் கொடுத்த நிறம் அது. பொத்தான் ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும், விரல் நடுங்கியிருக்கும்.

வளர்கிற பிள்ளைகளுக்குத் தைக்கும்போது நாங்கள் உள்ளே இரண்டு அங்குலம் துணி மடித்து விட்டுத் தைப்போம். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் கை நீளும், இடுப்பு விரியும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒட்ட வெட்டிக் கொடுத்தால் அந்தத் தையல்காரனுக்குத் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த நகரம் செய்வது அதுதான். எந்தப் பிரிவுக்குப் பொருத்தம் என்று பியாட்ரிஸுக்கு வைக்கிற சோதனையில், ஐந்தில் மூன்று பிரிவுக்கு அவள் பொருந்துவதாக வருகிறது. சோதனை நடத்தியவள் பயந்துபோய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். மூன்று பக்கம் துணி மிச்சம் இருக்கிற ஒரு பிள்ளை அங்கே ஆபத்தான பிள்ளை.

நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு இப்போது வருகிறேன். அந்தச் சோதனை முடிந்து அவள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போகிறாள். வழியில் பிரிவற்றவர்கள் வாழும் பகுதி. எந்தப் பிரிவிலும் சேர முடியாமல் போனவர்கள், பயிற்சியில் தோற்று வெளியே தள்ளப்பட்டவர்கள். மற்றவர்கள் தொட விரும்பாத வேலையெல்லாம் அவர்கள் தலையில். துடைக்கிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள், ரயிலும் பேருந்தும் ஓட்டுகிறார்கள். அதே வரியில், போகிற போக்கில், துணி செய்கிறார்கள் என்றும் இருக்கிறது. கூலியாக அவர்களுக்குக் கிடைப்பது சாப்பாடும் உடையும். இரண்டுமே போதுமான அளவு கிடைப்பதில்லை என்று அவள் அம்மா சொல்வாளாம்.

இரவு பதினொன்றரை இருக்கும். அகராதியை மூடி வைத்துவிட்டேன். அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் எதுவும் இல்லை.

சாம்பல், நீலம், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள். யார் எந்தப் பிரிவு என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிற அத்தனை துணியும் இவர்கள் கையிலிருந்துதான் போகிறது. எந்தப் பிரிவுக்கு எந்த வருடம் ஆள் கூடியது, எங்கே குறைந்தது என்று அந்த நகரத்தில் இவர்களுக்கு முதலில் தெரியும். சாம்பல் துணிக்குக் கேட்பு குறைந்தால் அப்னெகேஷனில் பிள்ளைகள் தங்கவில்லை என்று அர்த்தம். எனக்கு இப்படித்தான் தெரியும். ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்பது எனக்கு வருகிற ஆர்டரில்தான் முதலில் தெரியும். இத்தனை நிறத்தையும் நெய்கிற கைகளுக்கு உடம்பை மூடத் துணி போதவில்லை. ராத் அந்த வரியில் நிற்கவில்லை. அடுத்து ஒரு பசித்த மனிதன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான், கதை ஓடிவிடுகிறது. நான் அங்கேயே நான்கு நாள் நின்றேன்.

இரண்டாம் பாகமான 'இன்சர்ஜென்ட்' 2012-ல் வந்தது. அதில் இந்தப் பிரிவற்றவர்கள் கூட்டமாகத் திரண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தலைவி இருக்கிறாள். எதிர்பார்த்து வாங்கிப் படித்தேன். நல்ல பகுதிகள் இருக்கின்றன, ஆனாலும் அவர்கள் அங்கே ஒரு படையாகிவிடுகிறார்கள். தறி எங்கே இருக்கிறது, சாயம் எங்கே காய்கிறது என்பது வரவே இல்லை. 2013-ல் வந்த மூன்றாவது பாகம் இந்தப் பிரிவினைக்கெல்லாம் மரபணு என்று ஒரு விளக்கம் கொடுக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான். ஒரு பிள்ளை ஒரு கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதற்கு இரத்தத்தில் காரணம் தேட வேண்டாம். முதல் பாகத்துக்கு அது தெரிந்திருந்தது.

அந்த முதல் பாகத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

தேர்வுச் சடங்கில் பிள்ளைகள் உள்ளங்கையைக் கீறி, தாங்கள் விரும்பும் பிரிவின் கிண்ணத்தில் இரத்தம் சொட்டவிட வேண்டும். பியாட்ரிஸின் இரத்தம் டான்ட்லெஸ் கிண்ணத்தில் எரிகிற கரியில் விழுந்து சீறுகிறது. கிளம்பும்போது பெற்றோரைத் திரும்பிப் பார்க்கிறாள். அப்பாவின் கண்ணில் குற்றச்சாட்டு. அம்மா சிரிக்கிறாள். சில வாரம் கழித்துப் பெற்றோர் வந்து பார்க்கிற நாள் வருகிறது. அம்மா மட்டும் வருகிறாள். அப்பா எங்கே என்றால், உன் அப்பா இப்போதெல்லாம் சுயநலமாக இருக்கிறார், அதனால் உன்மேல் அன்பில்லை என்று ஆகாது என்கிறாள். அந்தப் பிரிவில் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான சொல் அது. அந்தச் சொல்லை அவரைக் கட்டிய மனைவியே, மகளிடம், நிதானமாகச் சொல்கிறாள். இத்தனைக்கும் அந்த அப்பாவே எருடைட்டில் பிறந்து, தன் வீட்டை விட்டு வந்தவர்.

கிளம்பும்போது அந்த அம்மா, எனக்காக ஒரு துண்டு சாக்லேட் கேக் சாப்பிடு, நன்றாக இருக்கும் என்கிறாள். கேக் எப்படி இருக்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? மகள் அங்கேதான் யோசிக்கிறாள். அம்மா பிறந்த இடமே இந்த டான்ட்லெஸ்தான் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. இத்தனை வருடம் சாம்பல் நிறச் சட்டைக்குள் ஒரு பெண் வேறொரு நிறத்தை வைத்திருந்திருக்கிறாள்.

என் மகள் கணக்குப் படித்து, பக்கத்திலேயே இருந்து, கடையைப் பார்த்துக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் காடுகளைப் பற்றிய படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். கிளம்பிய அன்று நான் வழியனுப்பப் போகவில்லை. 120 சட்டை முடிக்க வேண்டும் என்று சொன்னேன். முடிக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. என் மனைவி அவளிடம், "அப்பாவுக்கு வேலைம்மா, கோபமெல்லாம் இல்ல" என்றாளாம். அன்றைக்கு அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, அந்த நாவலில் வரும் அம்மா மாதிரி உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. மகளுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் புத்தகத்தை நான்கு தடவை படித்தவள் ஆயிற்றே.

போன வாரம் அவளைக் கூப்பிட்டேன். புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எந்த இடம் பிடித்தது என்று கேட்டாள். துணி நெய்கிற வரியைச் சொன்னேன்.

"அப்படி ஒரு வரி இருக்காப்பா?"

அவள் அதைக் கவனித்ததே இல்லையாம். பக்கம் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நெய்கிறவர்கள் யார் என்று சொல்லியிருக்கிறது, தைக்கிறவர்கள் யார் என்று எங்கேயும் இல்லையே, அதைப் பார்த்தாயா என்று கேட்டேன். நெய்கிறவர்களே தைத்திருப்பார்கள், அதில் என்ன என்றாள். நெய்வது வேறு, தைப்பது வேறு, இந்தக் கடையில் வளர்ந்துவிட்டு இதைச் சொல்கிறாயே என்றேன். அவள் விடவில்லை. அப்னெகேஷன் சட்டையை ஒரே அளவில் வெட்டினால் தறிக்காரரே மூட்டிவிடலாம் என்று வாதாடினாள். கழுத்தும் கையும் யார் வைப்பது என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் விடுதியில் பெற்றோர் போய்ப் பார்க்கலாம். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன், அந்த மேல்சட்டை எப்படி வெட்டியிருப்பார்கள் என்று காகிதத்தில் வெட்டிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கத்தரியும் கொண்டுவாங்கப்பா என்றாள்.