பின் ஷாஃப்ட், புரட்டாசி

செப்டம்பர் 17, செவ்வாய்

பக்கிக்கு (பிக்கப் வண்டி) பின்பட்டை, அதாவது பின் லீஃப் ஸ்பிரிங், மாற்றி, பட்டையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளையும் நீளமாகப் போட்டாயிற்று. 75 மி.மீ. உயர்ந்திருக்கிறது. இனி பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு அளவெடுக்க இன்று டேப்பைத் தொடுவதாக இல்லை. புதுப் பட்டை சில நூறு கிலோமீட்டர் ஓடித்தான் அமரும். அதுவரை பழைய ஷாஃப்டே ஓடட்டும், மெதுவாக.

செப்டம்பர் 19, வியாழன்

டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் உதறல். இறக்கத்தில் காலை எடுத்தால் வேறு மாதிரி உதறல். சக்கர பேலன்ஸ் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். இது ஷாஃப்ட் கோணம்தான்.

செப்டம்பர் 21, சனி

சமதளத்தில் நிறுத்தி, கோணமானி வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் (ஷாஃப்டின் முன்முனை மாட்டும் கியர் பெட்டி) பின்னோக்கி 3 டிகிரி சரிவு. ஷாஃப்ட் 11.6. டிஃப் மூக்கு (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் மாட்டும் முனை) 3-ல் இருக்க வேண்டியது, நீள ஷாக்கிளால் நிமிர்ந்து 7-ல் நிற்கிறது. முன் கிராஸில் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பு) 8.6, பின் கிராஸில் 4.6. ஒவ்வொரு சுற்றிலும் முன் கிராஸ் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். பின் கிராஸ் அதே அளவு எதிராகச் செய்தால்தான் டிஃப்புக்கு ஒரே சீராகப் போய்ச் சேரும். 4 டிகிரி வித்தியாசத்தில் அது எப்படி நடக்கும்?

பெரியண்ணன் போன். லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைக் கணவாய்க்கு எப்போது என்று.

செப்டம்பர் 22, ஞாயிறு

பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே 4 டிகிரி எஃகு ஆப்பு. அலுமினியம் வேண்டாம், நசுங்கிப் பிளக்கும். இதில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்காருகிறது. ஆகவே தடித்த முனை முன்பக்கம், மூக்கு கீழே போகும். பட்டை கீழே இருக்கும் வண்டியில் இதுவே தலைகீழ். நடு போல்ட்டின் தலை ஆப்பையும் தாண்டி ஆக்ஸில் குழிக்குள் இறங்குகிறதா என்று பார்க்காமல் யூ-போல்ட்டை முறுக்கக்கூடாது.

இப்போது இரு முனையிலும் 9.6. கோணம் கூடித்தான் போனது, ஆனால் சமம். உதறல் அடங்கியது.

ஆப்புக்கு முன்னால், ஷாஃப்ட் போல்ட் ஆகும் தட்டான ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து எதிர் முகத்துக்கு 1123 மி.மீ. ஆப்புக்குப் பின் 1127. நேற்றே அளவு கொடுத்திருந்தால்?

செப்டம்பர் 23, திங்கள்

அளக்கும்போது சக்கரம் தரையில். சக்கரம் தரையில். சேஸிஸில் ஜாக் கொடுத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்த ஷாஃப்ட், வண்டி இறங்கியதும் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீண்டு குறுக உதவும் பல் வைத்த சறுக்குப் பகுதி) முட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை இடிக்கும். ஸ்டாண்ட் வைப்பதானால் ஆக்ஸிலுக்கு அடியில்.

டேங்க் நிறைய டீசல், பின்னால் சானிக்குப் போகிற சாமான் அத்தனையும். நிற்கும் நிலை 1127. பம்ப்ஸ்டாப் (ஆக்ஸில் இதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) முட்டும்வரை அமுக்கினால் 1114. தொங்கவிட்டால் 1150, இந்த ஒன்றுக்கு மட்டும்தான் தொங்கவிட வேண்டும். குறுக்குச் சட்டம் டேப்பை மறித்தது. இரண்டு மெல்லிய பட்டைக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரு முகத்திலும் முட்டும்வரை விரித்து, கிளாம்ப் போட்டு வெளியே எடுத்து அளந்தேன். மூன்று தடவை.

முழுக்க மூடிய நீளம் 1100-க்கு மேல் போகக்கூடாது. 1150-லும் ஸ்பிளைன் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹெரிடேஜ் டே, தென்னாப்பிரிக்காவில் பொது விடுமுறை. ஷாஃப்ட் கடை பூட்டு. தெரு முழுக்க பிராய் (இறைச்சி சுடும்) புகை, நம் வீட்டில் புரட்டாசிச் சாம்பார்.

செப்டம்பர் 25, புதன்

நீளம் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. ஃபிளாஞ்ச் துளைகள் மையத்துக்கு மையம், இரு பக்கமும் தனித்தனியாக, ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடு மேட்டின் விட்டம், வெர்னியரில். துளை பொருந்தி மேடு பொருந்தாவிட்டால் ஷாஃப்ட் மையம் தப்பிச் சுற்றும். கிராஸ் கப் விட்டம், குறுக்கு நீளம், கப்பைப் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் உள்ளேயா வெளியேயா.

ஷாஃப்ட் கடையில் ஒரு வாரம் என்றார்கள்.

செப்டம்பர் 28, சனி

மறுபடி அளந்தேன். 1126. பட்டை இன்னும் அமர்கிறது. ஸ்பிளைன் தாங்கும். தாங்கும்தான்.

அக்டோபர் 1, செவ்வாய்

இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

ஷாஃப்ட் வந்தது. மூடி அளந்தேன், 1098. கட்டும் முன் தரையில் கிடத்திப் பார்த்தால் கிராஸ் மாட்டும் இரு முனைக் கவட்டையும் ஒரே கோட்டில் இல்லை, ஸ்பிளைனை ஒரு பல் தள்ளிக் கோர்த்திருக்கிறார்கள். பேலன்ஸும் இப்படியேதான் போட்டிருப்பார்கள். நானே பல்லை மாற்றிக் கோர்த்தால் பேலன்ஸ் போகும். கவட்டையை நேராக்கி, மறுபடி பேலன்ஸ் போட்டு, இரு பக்கமும் பெயிண்டில் குறி வைக்கச் சொல்லி நாளைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

பெரியண்ணன் போன். எடுக்கவில்லை.