பெல்ட் கைக்கு வந்த பிறகு: ஏ.இ.டபிள்யூ நாட்குறிப்பு

ஜூலை 10, 2025, வியாழன். பாளையங்கோட்டை

ஆனித் தேரோட்டம் முடிந்து டவுன் ரதவீதிகள் ஓய்ந்திருக்கின்றன. இனி நம் பக்கத்து மல்யுத்த ரசிகர்களுக்கு ஒரே பேச்சுதான்: அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியான ஏ.இ.டபிள்யூ டெக்சாஸ் ஆர்லிங்டனில் நடத்தும் பெரிய ஷோ, ஆல் இன். அங்கே சனிக்கிழமை பிற்பகல் 2 மணி. இங்கே சனி இரவு முடிந்து ஞாயிறு பிறக்கும் 12.30. மற்றபடி வாராந்திர நிகழ்ச்சியான டைனமைட் நமக்கு வியாழன் காலை 5.30 மணிக்கு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் அது 6.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறில் மறுபடி 5.30. இதைக் குறித்து வைக்காமல், நவம்பரில் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து வெறும் திரையைப் பார்க்கிறவர்கள் நிறைய.

டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டு விளையாடி வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிவு முன்பே எழுதப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யார், எப்போது, எப்படி, யாரிடம் தோற்க வேண்டும் என்று எழுதுவதுதான் புக்கிங். 2019 ஜனவரி 1 அன்று அறிவிக்கப்பட்ட இந்தக் கம்பெனியில் அந்த வேலை உரிமையாளர் டோனி கானிடம் இருக்கிறது. ரிங்குக்குள் நடப்பதில் இந்த ரோஸ்டரை, அதாவது வீரர் பட்டியலை, மிஞ்ச ஆளில்லை. ஒமேகா, ஒகாடா, ஆஸ்ப்ரே, டகேஷிட்டா நால்வரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது சாதாரண விஷயமா? என் வழக்கு புக்கிங்கோடுதான்.

இப்போதைய நிலவரம்: ஜான் மாக்ஸ்லி 2024 அக்டோபர் 12 அன்று பிரையன் டேனியல்சனை வீழ்த்தி உலக பெல்ட்டை எடுத்தார். எடுத்ததும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். ஒன்பது மாதமாக பெல்ட் கண்ணிலேயே படவில்லை. யோசனை நல்லதுதான். ஆனால் மாக்ஸ்லி தோற்கும் நிலைக்கு வரும்போதெல்லாம் அவருடைய டெத் ரைடர்ஸ் கூட்டம் ரிங்குக்குள் ஓடி வந்தது. ஒரு முறை என்றால் கோபம் வரும். மாதாமாதம் என்றால், ஃபினிஷ் எப்படி வரும் என்பதை டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடலாம். அங்கே கோபம் சலிப்பாக மாறுகிறது. சலித்த ரசிகன் வில்லனைத் திட்ட மாட்டான், சேனலை மாற்றுவான்.

ஜூலை 13, ஞாயிறு

ஹேங்மேன் ஆடம் பேஜ் ஜெயித்துவிட்டார். டெக்சாஸ் டெத் மேட்ச்.

எப்படி ஜெயித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெத் ரைடர்ஸ் வழக்கம்போல உள்ளே வந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு தலையீட்டுக்கும் ஒரு பதில் இருந்தது. மே மாதம் எவரெஸ்ட் ஏறிவிட்டு வந்த டார்பி ஆலின் மேலேயிருந்து இறங்கினார். கடைசியில் வந்தது ஸ்வர்வ் ஸ்ட்ரிக்லேண்ட். பேஜ் கையில் சங்கிலியைக் கொடுத்தார். அந்தச் சங்கிலியை மாக்ஸ்லியின் கழுத்தில் மாட்டி இழுத்து, மாக்ஸ்லி தானே தோல்வியை ஒப்புக்கொள்ளும்படி செய்தார் பேஜ். தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணும் பின் போட்டு முடித்திருந்தால் இதில் பாதி பலன்கூட இருந்திருக்காது. ஒன்பது மாதம் யாரையும் பொருட்படுத்தாத ஆள் தானே விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் அந்தக் கதைக்குச் சரியான முடிவு.

மற்றவை சுருக்கமாக. ஒமேகாவை வென்று ஒகாடா இன்டர்நேஷனல், கான்டினென்டல் இரண்டு பெல்ட்டையும் ஒன்றாக்கினார். நல்ல முடிவு, ஒரு பெல்ட் குறைந்தது. பெண்கள் சாம்பியன் டோனி ஸ்டார்ம் மெர்சிடீஸ் மொனேவிடம் தன் பெல்ட்டைக் காப்பாற்றிக்கொண்டார். யங் பக்ஸ் சகோதரர்கள் தோற்று நிர்வாகப் பதவியை இழந்தார்கள். முதலாளி வேஷம் போட்ட வில்லன்களை இந்தத் துறை கால் நூற்றாண்டாக அரைத்துவிட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஜூலை 17, வியாழன்

டைனமைட் பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு குறிப்பு. மேட்சின் நடுவில் நல்லவன் திடீரென்று ரிங்குக்கு வெளியே தூக்கி எறியப்படுவான். தடுப்பிலோ இரும்புப் படியிலோ மோதி விழுவான். உடனே வில்லன் வேகத்தைக் குறைத்து, கழுத்தைப் பிடித்து உட்கார வைத்து, கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பான். இரண்டு மூன்று நிமிடம் இப்படியே போகும். பிறகு நல்லவன் எழுந்து சூடு பிடிப்பான்.

அமெரிக்காவில் அந்த நேரத்தில் விளம்பரம் ஓடுகிறது. மேட்ச் ஓரத்தில் சின்னக் கட்டமாகத் தெரியும். விளம்பரமில்லாத ஒளிபரப்பில் பார்க்கும் நமக்கு அந்த இடமெல்லாம் முழுத்திரையில் வருவதால் மேட்ச் தொய்வதுபோலத் தோன்றும். வீரர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் ஒரே இரவில் நான்கு மேட்சிலும் அதே இடத்தில் அதே வீழ்ச்சி வந்தால் அது புக்கிங் குற்றம்தான். யார் கெட்டிக்காரர் என்பதையும் இங்கேதான் எடை போட வேண்டும். சமோவா ஜோ அந்த மூன்று நிமிடத்தில் ஓடவே மாட்டார். நடப்பார், முறைப்பார், ஒரே ஒரு அடி கொடுப்பார். அந்த அடி எதிராளியின் கையிலோ மார்பிலோ மேட்ச் முடியும்வரை தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிக் கொடை நடக்கும் ஊர்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். சாமியின் பிறப்பு, வரம், அநியாயச் சாவு என்று புலவர் வரிசையாகக் கதையைக் கொண்டுபோவார். மதியக் கொடையிலேயே ஆவேசத்தை முழுக்க இறக்கிவிட்டால் சாமக் கொடையில் குடம் அடித்து என்ன பயன்? பேஜ், ஸ்வர்வ் கதையை இந்தக் கம்பெனி அப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தான் கொண்டுபோனது.

2023 அக்டோபர் 1, ரெஸில்ட்ரீம் ஷோ: ஸ்வர்வ் ஜெயித்தார். பிறகு பேஜ் வீட்டுக்குள்ளேயே நுழைந்து மிரட்டினார். நவம்பர் 18, ஃபுல் கியர்: ரத்தக்களறியான டெத் மேட்ச், மறுபடி ஸ்வர்வ். 2024 மார்ச் 3, மும்முனைப் போட்டி: ஸ்வர்வ் கையில் பெல்ட் போகக் கூடாது என்பதற்காகவே பேஜ் அப்போதைய சாம்பியன் ஜோவின் பிடியில் தானே கையைத் தட்டி ஒப்புக்கொண்டு தோற்றார். ஏப்ரலில் ஸ்வர்வ் எப்படியோ சாம்பியன் ஆகிவிட்டார். செப்டம்பரில் ஸ்வர்வ் வளர்ந்த வீட்டையே பேஜ் கொளுத்தினார், அதே வாரம் கூண்டுப் போட்டியில் வீழ்த்தினார். அடுத்த ஜூலையில் ஸ்வர்வ் நீட்டிய சங்கிலியால் பேஜ் சாம்பியன்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எந்தக் கட்டத்திலும் முந்தைய கட்டத்தை மறக்கவில்லை. மார்ச்சில் தட்டியது ஏன் என்று அக்டோபரைப் பார்த்தவனுக்குத் தெரியும். சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில் இருவரையும் வேறு வேறு ஆட்களோடு மோத விட்டார்களே தவிர, ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாதவர்களாக எழுதவில்லை. புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது இந்த வரிசையைத்தான். இதே தேதி வரிசையில் பார்க்க வேண்டும், பிந்தையதை முன்னால் பார்த்தால் ருசி போய்விடும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரோஸ்டர் கணக்கு. டைனமைட் 2 மணி நேரம், கொலிஷன் 2 மணி நேரம். ஒரு மணி நேர ராம்பேஜ் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஆக வாரம் 4 மணி நேரம். விளம்பரம், என்ட்ரன்ஸ், ப்ரோமோ என்கிற மைக் பேச்சு போக, 10 முதல் 15 நிமிட மேட்ச் என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்தாறு மேட்ச்தான் பிடிக்கும். கையெழுத்துப் போட்டவர்களோ நூறு பேருக்கு மேல். எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: பெயர், ரிங்கில் எத்தனை நிமிடம், மைக்கில் எத்தனை நிமிடம், முடிவு, அடுத்த வாரத்துக்கான காரணம். நான்கு வாரம் எழுதினால் போதும். ஐந்தாவது பத்தி காலியாக இருக்கிறவர்கள்தான் வீணாகிறவர்கள். ஜெயித்தாலும் சரி, காரணம் இல்லாத வெற்றி கணக்கில் சேராது. மைக் பத்தி காலியாகவே ஓடுகிறவர்களைச் சேர்த்துத்தான் டான் காலிஸ் மாதிரி ஒரு மேனேஜரின் கீழ் விடுகிறார்கள். அது சரியான வைத்தியம். ஆனால் காலிஸ் குடும்பம் என்ற அந்த அணியில் ஆள் சேர்ந்துகொண்டே போனால் டகேஷிட்டாவும் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டியதுதான். முந்தாநாள் ஜப்பானில் ஜி1 கிளைமாக்ஸ் தொடரை ஜெயித்த ஆள் அவர்!

சத்னாம் சிங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பஞ்சாபிலிருந்து போய் 2015 என்.பி.ஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர், 2022 ஏப்ரலில் இங்கே வந்தார். ஏழடிக்கு மேல் உயரம். அவரை மெய்க்காப்பாளராகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபது நிமிட மேட்ச் அவருக்குச் சரிவராது என்பது உண்மை. மூவர் அணியில் கடைசி மூன்று நிமிடம் மட்டும் டேக் கொடுத்து (கையைத் தொட்டு உள்ளே அழைத்து), இரண்டே இரண்டு மூவ் செய்ய விட்டால் போதும். உயரத்தை எப்போதும் காட்டிக்கொண்டே இருந்தால் அதற்கு மதிப்பில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

டொரான்டோ ஆல் அவுட்டில் கிரிஸ் ஸ்டாட்லேண்டர் பெண்கள் சாம்பியன். உழைப்புக்கு வந்த பெல்ட்.

ஆனாலும் நால்வர் மேட்சில் கை மாறியது எனக்கு ஒப்பவில்லை. டோனி ஸ்டார்மை நேருக்கு நேர் வென்றிருக்க வேண்டும். மரியா மே கதையை நினைத்துப் பாருங்கள். பழைய கருப்பு வெள்ளை சினிமா நடிகை வேஷத்தில் ஸ்டார்ம், அவருக்குக் கைத்தாங்கலாக வந்த சிஷ்யை. 2024 ஜூலையில் சிஷ்யை காலணியால் அடித்து ரத்தம் வரவழைத்தார். ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளியில் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டார். ஸ்டார்ம் சில மாதம் காணாமல் போய், ஒன்றும் நினைவில்லாத புதுமுகம்போலத் திரும்பி வந்தார். பிப்ரவரியில் பிரிஸ்பேனில் மீட்பு, மார்ச்சில் கணக்குத் தீர்ப்பு. இரண்டே ஆள், எட்டு மாதம், தேவையற்ற ஒரு மேட்ச்கூட இல்லை. பெண்களுக்கு ஒரு டைனமைட்டில் பெரும்பாலும் ஒன்றிரண்டு மேட்ச்தான் கிடைக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கம்பெனியின் மிகச் சிறந்த புக்கிங் ஒன்று நடந்திருக்கிறது என்றால் இன்னும் அரை மணி கொடுப்பதற்கு என்ன தடை?

நவம்பர் 23, ஞாயிறு

காலை 6.30க்கு ஃபுல் கியர். வெளியே நல்ல மழை. ஹூக் என்ற வீரர் துரோகம் செய்ய, கூண்டுக்குள் ஜோவிடம் பேஜ் பெல்ட்டை இழந்தார். 133 நாள்.

மனசு ஆறவில்லை. பழைய கணக்கை எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஜெரிக்கோ 182 நாள், ஒமேகா 346, எம்.ஜே.எஃப் 406, மாக்ஸ்லி கடைசி முறை 273. எம்.ஜே.எஃப் நடுவில் கொஞ்ச காலம் நல்லவராகத் திரிந்தாலும், எல்லோருமே வில்லனாகப் பெல்ட் எடுத்தவர்கள். நல்லவர்கள் பக்கம் வாருங்கள். பேஜ் முதல் முறை 197, ஸ்வர்வ் 126, டேனியல்சன் 48, இப்போது பேஜ் 133. விதிவிலக்கு 2020 மாக்ஸ்லி, 277 நாள். இன்னொரு முன்னாள் சாம்பியன் சி.எம். பங்க் பெயரைச் சேர்க்கவில்லை, அவருடையது காயத்திலும் தகராறிலும் போனது.

காரணம் வேலை முறையிலேயே இருக்கிறது. வில்லன் சாம்பியன் என்றால் வரிசையில் நிற்க நல்லவர்கள் பத்துப் பேர் கிடைப்பார்கள், எழுதுவது சுலபம். நல்லவன் சாம்பியன் என்றால் அவனை நிஜமாகவே வீழ்த்தக்கூடிய வில்லன் மாதம் ஒருவர் வேண்டும். இந்த ரோஸ்டரில் வில்லன்கள் கும்பல் கும்பலாக இருக்கிறார்கள், தனி ஆளாகப் பயமுறுத்துகிறவர் குறைவு. பேஜுக்கு ஆகஸ்டில் எம்.ஜே.எஃப், செப்டம்பரில் கைல் ஃப்ளெட்சர், அக்டோபரில் ஜோ. மூன்றும் நல்ல மேட்ச். ஆனால் ஃப்ளெட்சருக்குக் கிடைத்த தயாரிப்பு சில வாரம்தான். ஆறு மாதம் காத்திருந்து அந்தப் பையனை அனுப்பியிருந்தால் அது பெரிய ஃபைட் ஆகியிருக்கும். துரத்தல் எழுதுவதற்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிறவர்கள், பெல்ட் கைக்கு வந்த பிறகு நான்கு மாதத்தில் கதையைக் காலி செய்துவிடுகிறார்கள். 2021 நவம்பரிலும் இதேதான். அப்போதாவது அடுத்த மாதமே டேனியல்சனோடு 60 நிமிட டிரா என்று ஒரு பொக்கிஷம் கிடைத்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

வேர்ல்ட்ஸ் எண்ட். ஜோ, பேஜ், ஸ்வர்வ், எம்.ஜே.எஃப் நால்வர் மோதல். எம்.ஜே.எஃப் மறுபடி சாம்பியன். ஜோவுக்குக் கிடைத்தது 35 நாள். பேஜிடமிருந்து பறித்ததற்கு இதுதானா பலன்? ஜோவிடமே விட்டு, மார்ச் வரை ஒவ்வொரு வாரமும் ஒருவரைக் கழுத்துப்பிடியில் தூங்கவைக்க விட்டிருக்கலாம்.

ஆனது ஆகட்டும். எம்.ஜே.எஃப் மைக் பிடித்தால் பத்து நிமிடம் யாரும் கண்ணை எடுக்க மாட்டார்கள், ஆகவே பணத்துக்குக் குறைவிருக்காது. அவரிடமிருந்து பெல்ட்டை எடுக்க என் ஓட்டு டார்பி ஆலினுக்கு. 2019லிருந்து இங்கேயே இருக்கிறார், டி.என்.டி பெல்ட் இரண்டு முறை வைத்திருந்தார், அக்டோபரில் மாக்ஸ்லியையே ஐ க்விட் மேட்சில் ஒப்புக்கொள்ள வைத்தார். உலக பெல்ட் மட்டும் இன்னும் இல்லை. கொடுத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். முதல் மாதம் அளவில் பெரிய ஆள் ஒருவர், மேட்ச் 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடுத்து டகேஷிட்டா, முழு நேரம். ஃப்ளெட்சரைக் கடைசிக்கு வைக்க வேண்டும், அதற்குள் அவர் காலிஸை விட்டுப் பிரிந்து தனியாக நான்கைந்து பேரையாவது கிளீனாக வென்றிருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய ஷோவிலும் மூன்றாள், நான்காள் மேட்ச் போட்டு யாரையும் நேராகத் தோற்கவிடாமல் காப்பாற்றும் பழக்கத்தை அந்த ஆறு மாதமாவது விட்டுவிட வேண்டும். சாம்பியனிடம் நேராகத் தோற்கிறவனுக்கும் அதில் ஒரு பெயர் இருக்கிறது.