வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன்

மூன்றாம் வகுப்பில் என் மாணவி ஒருத்திக்குக் காலையில் அடிக்கடி வயிற்று வலி வரும். பிரேயர் முடிகிற நேரத்தில் ஆரம்பித்து மதியத்துக்குள் நின்றுவிடும். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பேன். அவள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அவர் கடலில் இருக்கிற நாட்களில்தான் வலி என்பது எனக்கு வெகுநாள் கழித்தே பிடிபட்டது. ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் நின்றதும், பரீட்சை முடிகிறவரை ஒருநாள்கூட அவள் வயிற்றைப் பிடிக்கவில்லை. அவள் அம்மா பயந்துபோய்க் கேட்டபோது, "வளர்ந்தா சரியாயிடும்மா" என்றேன்.

அது பொய்யில்லை. அப்பா அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அந்த வயதில் வருவதுதான், பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறத் தணிந்தும்விடும். இவளுக்கும் தணிந்தது. ஐந்தாம் வகுப்பில் வலி போன இடமே தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் அவள் அம்மா மறுபடி வந்தார். அந்தப் பேச்சைத்தான் இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா டீச்சர். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா. சோறு இறங்கல, ராத்திரி முழிச்சே கெடக்குறா."

"வயசுக்கு வந்த புள்ள, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். கிளாஸ்ல எவ்வளவு அமைதியா, பொறுப்பா இருக்கா தெரியுமா?"

பாராட்டாகவே சொன்னேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அவள் கையில் புத்தகம் நடுங்குவதையும், உட்கார்ந்ததும் யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதையும் கவனித்திருந்தேன். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். சத்தம் போடுகிற பையன்களை அடக்கவே பொழுது சரியாக இருக்கும்போது, அமைதியாக இருக்கிற பிள்ளை நமக்கு ஒரு நிம்மதி. இது காரணமா, சாக்கா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அரைப் பரீட்சைக்கு அப்புறம் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "வயிறு வலிக்குதா?" என்றுதான் என் வாயில் வந்தது.

"வலியெல்லாம் இல்ல டீச்சர். ஒண்ணுமே தோணல."

ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மனநல டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சின்ன வயதில் பெற்றவர்களைச் சுற்றி இருக்கிற பயம், பதின்மூன்று வயதில் மற்றவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்பதற்கு மாறும். சிலருக்கு அதன் பின்னாலேயே மனச்சோர்வும் வரும். அது அழுகையாகத்தான் வரவேண்டும் என்றில்லை, எரிச்சலாகவும் தெரியலாம். வயதுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகளிடம் அது ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயப்படுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்கதான் அன்னைக்கே தைரியம் சொன்னீங்க" என்கிறார்.

போன மாதத்திலிருந்து அவள் பள்ளிக்கு வருகிறாள். பயப்படுகிற காரியத்திலிருந்து ஒரேயடியாக ஒதுக்கி வைத்தால் பயம் கூடும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று தமிழ்ப் பாடத்தில் நாலே வரி படிக்கச் சொல்லலாம் என்று அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் குனிந்துகொண்டாள். பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டேன்.